தீர்ந்தது என்று பூட்டிய கேள்வி

நவம்பர் 3, ஞாயிறு

எப்போது நிற்கிறது, நிற்கும்போது வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று தேதி போட்டு எழுதி வைக்கச் சொன்னார் டாக்டர். எழுதுகிறேன். அவர் படிக்கப் போவதில்லை.

நிற்பது என் தம்பி பொன்சிங்கின் மூச்சுக் கருவி. அவனுக்குச் சிறு வயதில் போலியோ. முதுகு வளைந்து நெஞ்சுக்கூடு சுருங்கிவிட்டது. நாற்பது வயதுவரை சமாளித்தான். இப்போது படுத்தால் முகத்தில் முகமூடி வேண்டும். அதற்குள் காற்றைத் தள்ள பைபாப் என்கிற பெட்டி வேண்டும். பெட்டி நின்றால் அதைத் திரும்ப ஓட்ட ஒரு பட்டனை அமுக்க வேண்டும். அவன் கை அதுவரை எட்டாது. முகமூடியைக் கழற்றவும் அவனால் முடியாது. எவர்சில்வர் டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டுவான். நான் ஓட வேண்டும்.

இன்று மாலை தட்டினான். சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். போனபோது திரையில் கம்பெனியின் சின்னம் மட்டும் தெரிந்தது. அலாரம் இல்லை, எச்சரிக்கை இல்லை. விசிறி ஓடிக்கொண்டிருந்தது, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதனால் கரண்ட் கோளாறு இல்லை.

மழை தொடங்கியதிலிருந்து இப்படித்தான். தொண்டை வறள்கிறது என்றான். பெட்டியோடு சேர்ந்த தண்ணீர்த் தொட்டியின் சூட்டைக் கூட்டி வைத்திருக்கிறேன். வேறு எதையும் மாற்றவில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

மறுபடியும். பட்டனை அமுக்கி, முகமூடியை ஒரு நிமிடம் விலக்கி, நெற்றியைத் துடைத்துவிட்டேன். சட்டை காலர் வரை வேர்த்திருந்தது. மூச்சு வந்ததும் அவன் சொன்ன முதல் வாக்கியம்:

"கடைசி ரெய்டு போச்சுக்கா. பொட்டி திரும்ப மொதல்ல இருந்து சுத்துது பாரு."

உயிர் போகிற நேரத்தில் இவனுக்குக் கபடி. டிவியை அணைத்துவிட்டேன்.

"அத ஏன் அணைக்க? அது உன்ன என்ன செஞ்சுச்சு?"

முகமூடியைத் திரும்ப மாட்டிவிட்டேன்.

நவம்பர் 6, புதன்

கருவியின் கையேட்டை அட்டை முதல் அட்டை வரை படித்தேன். பிளக்கை வேறு இடத்தில் செருகினேன். வடிகட்டியை மாற்றினேன். விற்ற நிறுவனத்துக்குப் போன் செய்தேன். மதுரைக்கு அனுப்பச் சொன்னார்கள். அதுவரை அவன் எதில் மூச்சு விடுவான் என்று கேட்டேன். வாடகைக்கு வேறு பெட்டி தருவார்களாம். அதற்கும் படிவம்.

நவம்பர் 9, சனி

மதுரையிலிருந்து பெட்டி திரும்பி வந்தது. "மெஷின் நல்லா ஓடுது மேடம், நாங்க நாள் பூரா போட்டுப் பார்த்தோம்" என்றார் அதைக் கொண்டுவந்த பையன். நல்லா ஓடுகிற மெஷின் இன்று ஆறரை மணி சுமாருக்கு நின்றது.

வாடகைப் பெட்டியும் இங்கே ஒரு முறை நின்றதே என்றேன். "அப்படி வாய்ப்பே இல்ல மேடம்." நடந்த ஒன்றைப் பார்த்து வாய்ப்பே இல்லை என்று சொல்கிறவர்களிடம் எனக்குப் பேசத் தெரிவதில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. காலை முழுவதும் இணையத்தில் தேடினேன். வெளிநாட்டுத் தளங்களில் ஆயிரக்கணக்கான பேர் இந்தப் பெட்டியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். முகமூடி கன்னத்தில் பதிகிறது, குழாயில் நீர் கோக்கிறது, நாய் குழாயைக் கடிக்கிறது. தானாக நிற்பதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

பொருளாதாரம் கற்பிக்கிறவள் நான். ஆய்வு மாணவிகள் கேள்வியோடு வந்து நின்றால் முதலில் நூலகத்துக்குத் திருப்பி அனுப்புவேன். ஏற்கெனவே உள்ளதைப் படிக்காமல் கேட்பது அடுத்தவர் நேரத்தைத் திருடுவது என்பது என் கட்சி. ஆகையால் தேடுவதில் எனக்குச் சடைவு இல்லை.

நவம்பர் 12, செவ்வாய்

பாளையங்கோட்டைக் கருத்தரங்குக்குப் போகவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். எப்படியும் சொன்னதையே சொல்வார்கள்.

நவம்பர் 14, வியாழன்

தமிழில் ஒரு குழு இருக்கிறது. வீட்டில் மூச்சுக் கருவி வைத்திருப்பவர்கள் நாலாயிரம் பேருக்கு மேல். முதல் விதி கொட்டை எழுத்தில்: "கேட்பதற்கு முன் தேடவும்." எனக்குப் பிடித்திருந்தது. சேர்ந்தேன்.

அந்தக் குழுவிலும் முதலில் தேடினேன். நின்றுபோகிறது, ஆஃப் ஆகிறது, தானாக அணைகிறது என்று நினைத்த சொல்லையெல்லாம் போட்டேன். மக்கள் கேள்விகளை எழுதுவதில்லை, திரையைச் சாய்வாகப் போட்டோ எடுத்துப் போட்டு "இது ஏன்?" என்கிறார்கள். கீழே ஒருவர் "இன்பாக்ஸ் பாருங்க சகோ" என்கிறார். அவ்வளவுதான். பதில் என்னவென்று அந்த இரண்டு பேருக்கும் கடவுளுக்கும் தெரியும். பிறகு வருகிறவர்களைத் தேடச் சொல்கிறார்கள். எதைத் தேடுவது?

நான் முறையாக எழுதினேன். பெட்டியின் மாதிரி எண், எந்த நேரங்களில் நிற்கிறது, என்னென்ன செய்து பார்த்தேன், என்னென்ன படித்தேன். எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. மாணவியின் கட்டுரையாக இருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

நவம்பர் 15, வெள்ளி

காலையில் பார்த்தேன். நிர்வாகி கதிர்வேந்தன் என்பவர் பதில் போட்டிருந்தார்:

"ஏற்கெனவே தீர்ந்த கேள்வி. விதி 1 படிக்கவும். தேடிவிட்டுக் கேட்கவும்."

கீழே ஒரு பழைய பதிவின் இணைப்பு. என் பதிவைப் பூட்டியாகிவிட்டது. என்னால்கூட அதில் எழுத முடியாது.

இணைப்பைத் திறந்தேன். மூன்று வருடத்துக்கு முந்தையது. தெய்வானை என்ற பெண், கோபிச்செட்டிபாளையம். அதே பெட்டி. "சாயங்காலமானா தானா நின்னு போகுதுங்க. வீட்டுக்காரர் போட்டிருக்கார். என்ன பண்றதுங்க." கீழே "எனக்கும்", "எனக்கும்", "ஃபாலோயிங்", கும்பிடும் கைகள், ஒருவர் போட்ட சனீஸ்வர மந்திரம். கடைசியில் மறுபடியும் அவரே: "இன்னைக்கும் நின்னு போச்சுங்க. தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்க."

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பதிவின் தலையில் பச்சைப் பட்டை: தீர்ந்தது.

எப்படித் தீர்ந்தது? மேலும் கீழுமாகப் பலமுறை படித்தேன். பதில் எங்கும் இல்லை. ஒரு வரி எழுதிவைக்க இந்தப் பெண்ணுக்கு என்ன கேடு? தனக்குச் சரியானதும் போய்விட்டாள். இன்பாக்ஸில் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாள். இப்படிப்பட்டவர்களால்தான்.

இன்று கல்லூரிக்குப் போகவில்லை. பகலில் அவனைப் பார்த்துக்கொள்கிற லீதியாளை வர வேண்டாம் என்று நேற்றே சொல்லியிருந்தேன். அவளுக்கும் ஓய்வு வேண்டும் அல்லவா.

நவம்பர் 16, சனி

நிர்வாகிக்குத் தனியாக எழுதினேன். அந்தக் கேள்வி எப்படித் தீர்ந்தது என்று மட்டும் சொல்லுங்கள். மதியம் பதில் வந்தது. அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

"மேடம், கேள்வி கேட்டவங்க ரெண்டு வாரம் எதுவும் போடலைன்னா சரியாயிடுச்சுன்னு அர்த்தம். தீர்ந்ததுன்னு மார்க் பண்ணிடுவோம். எல்லாக் குரூப்லயும் இதான் வழக்கம். இல்லேன்னா திறந்த கேள்வி ஆயிரக்கணக்குல நிக்கும்."

பேசாமல் இருந்தால் தீர்ந்ததாம். பசி என்று எழுதிக் கொடுக்காதவர்கள் சாப்பிட்டுவிட்டார்கள் என்று கணக்கெழுதும் புள்ளிவிவரங்களை வகுப்பில் வருடா வருடம் கிழிக்கிறேன். அந்தக் கணக்கை எழுதுகிற ஆள் என் தம்பியின் கட்டில்வரை வந்துவிட்டார்.

தெய்வானைக்கு ஒரு செய்தி அனுப்பினேன். மரியாதையாகத்தான். போன் எண்ணையும் போட்டேன்.

பொன்சிங்கின் அறையில் பாய் விரித்துக்கொண்டேன். அங்கேதான் காற்று வருகிறது.

நவம்பர் 17, ஞாயிறு

மாலை போன் வந்தது. தெய்வானை. என்னைவிட மூத்தவர் என்று குரலிலேயே தெரிந்தது.

"மெசேஜ் பார்த்தனுங்க அம்மணி. அந்தப் பக்கமே நான் போறதில்லீங்க. பேத்தி பார்த்துட்டுச் சொன்னா."

உங்கள் கேள்விக்கு என்ன பதில் கிடைத்தது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று கேட்டேன். என் குரலில் கொஞ்சம் சூடு இருந்திருக்கும்.

"பதிலெங்கீங்க வந்துது."

"பிறகு ஏன் கேட்பதை நிறுத்திவிட்டீர்கள்?"

"அவிய போயிட்டாங்கல்லங்க."

வாசலில் யாரோ பால் பாத்திரத்தை வைத்த சத்தம் கேட்டது.

"நான் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருந்தனுங்க. திரும்பி வந்து பார்த்தா பொட்டி நின்னுருக்குது. எந்நேரம் நின்னுதோ. டாக்டரு வியாதி முத்திப்போச்சுன்னாரு. இருக்கும். இருந்தாலும் பொட்டி நின்னுதானே இருந்துது."

அந்தப் பதிவின் தலையில் தீர்ந்தது என்று எழுதியிருப்பது அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

நிற்கும்போது வீட்டில் வேறு ஏதாவது நடக்குமா, எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள் என்று கேட்டேன். யோசித்தார்.

"டிவி பொட்டி ஒண்ணு அணைஞ்சு எரியுமுங்க. நாடகம் பார்த்துட்டே இருப்பேன், படம் போயிரும், அப்புறம் மொதல்ல இருந்து சுத்தும். திரும்பிப் பார்த்தா அவிய மெசினும் நின்னுருக்கும். அதைய நான் அங்க எழுதலீங்க. மெசினைப் பத்திக் கேக்கற எடத்துல டிவியப் பத்தி எதுக்குன்னு உட்டுட்டேன்."

வைக்கும் முன் சொன்னார்: "காரணம் என்னன்னு கெடச்சுதுன்னா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க அம்மணி. மனசுக்குள்ளயே கெடந்து உருட்டுது."

நவம்பர் 17, அதே நாள்

பொன்சிங்கிடம் கேட்டேன். கருவி நிற்கும்போதெல்லாம் டிவியோடு இணைந்த செட்டாப் பெட்டியும் அணைந்து எரிகிறதா?

முகமூடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தான்.

"ஒரு மாசமா என்னத்தச் சொல்லிட்டுக் கெடக்கேன்?"

"நீ கபடி போனதைத்தான் சொன்னாய்."

"கபடி ஏம் போச்சுன்னு நீ கேட்டியா? அமெரிக்காக்காரங்கிட்டக் கேட்ட, மதுரைக்காரங்கிட்டக் கேட்ட, நாலாயிரம் பேருகிட்டக் கேட்ட. மூக்குல மாட்டிக்கிட்டுக் கெடக்கவன்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

சிரித்தான். அவன் சிரித்தால் பெட்டி தாளம் தப்பும். அதிகம் சிரிக்காதே என்றேன்.

நவம்பர் 18, திங்கள்

விடுப்பு. இரண்டு பெட்டியும் ஒன்றாக நின்றால், இரண்டுக்கும் பொதுவாக இருப்பது கரண்ட்தான். சாப்பிட்ட பிறகு அவனைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தேன். உட்கார்ந்திருந்தால் சிறிது நேரம் பெட்டி இல்லாமல் இருப்பான். பெட்டியை வெறுமனே ஓடவிட்டு, டிவியையும் போட்டு, மெயின் சுவிட்சை நானே அணைத்தேன். இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டது. விசிறி நிற்கவில்லை, விளக்கு ஒரு சிமிட்டுச் சிமிட்டியது. டிவியில் வட்டம் சுற்றியது. பெட்டியின் திரையில் கம்பெனியின் சின்னம்.

தொட்டியின் சூட்டை அணைத்துவிட்டு மறுபடியும் செய்தேன். டிவி போயிற்று. பெட்டி ஓடியது. சூட்டைப் போட்டேன். நின்றது.

கரண்ட் போவது எங்களுக்குத் தெரியவே இல்லை. அதற்குத்தானே இன்வெர்ட்டர். மழைக்காலச் சாயங்காலங்களில் அது போய்ப் போய் வருகிறது. மாறுகிற அந்த இமைப்பொழுதை விசிறி தாங்கும். தண்ணீரைச் சூடாக்கிக்கொண்டிருக்கும் பெட்டி தாங்காது. மதுரையில் அவர்கள் மெயினை அணைத்திருக்க மாட்டார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வீட்டில் இன்வெர்ட்டரே இருக்காது.

இன்வெர்ட்டர் மாறும்போது டிவி பெட்டி அணைகிறது என்று தேடினேன். முதல் வரியிலேயே பதில். இன்வெர்ட்டரின் பின்பக்கம் ஒரு சிறு சுவிட்ச் இருக்கும், பார்க்கவும். எத்தனை நாள் தேடினேன். எல்லாவற்றையும் மூச்சுக் கருவியின் பெயரோடு சேர்த்தே தேடியிருக்கிறேன்.

இன்வெர்ட்டரைச் சுவரிலிருந்து இழுத்தேன். தூசி, ஒட்டடை, செத்த பல்லி. பின்னால் விரல் நகம் அளவு சுவிட்ச். ஒரு பக்கம் சாதாரணம், மறுபக்கம் கம்ப்யூட்டருக்கு. சாதாரணத்தில் இருந்தது. தெருவில் வோல்டேஜ் குறைவு என்று எலெக்ட்ரீஷியன் அப்படி வைத்திருப்பார். அப்போது வீட்டில் மூச்சுக் கருவி இல்லை. அவர் செய்தது சரி.

தள்ளினேன். மெயினை அணைத்தேன். பெட்டி ஓடியது. டிவியும் ஓடியது. திரும்பத் திரும்ப அணைத்தேன்.

"போதும்க்கா, ஃப்ரிட்ஜ் செத்துரும்" என்றான்.

விரல் நகம் அளவு.

நவம்பர் 20, புதன்

நிற்கவில்லை. நேற்று நல்ல மழை, இடி. நிற்கவில்லை.

கல்லூரிக்குப் போனேன். எல்லோர் மீதும் எரிந்து விழுந்தேன் போலிருக்கிறது. துறைத்தலைவி, "தம்பிக்குத்தான் சரியாகிவிட்டதே, இன்னும் ஏன்?" என்று கேட்டார்.

நவம்பர் 22, வெள்ளி

குழுவில் பதிலைப் போட வேண்டும். புதிதாகப் போட்டால் "ஏற்கெனவே தீர்ந்தது" என்று பூட்டுவார்கள். பூட்டிக் கிடக்கும் தெய்வானையின் கேள்வியைத் திறக்கச் சொல்லி, அதன் கீழேதான் போட வேண்டும். எல்லோரையும் அங்கேதான் அனுப்புகிறார்கள். அங்கே போட்டால் கேட்டவருக்குத் தானாகத் தகவல் போகும்.

அவரிடம் என்னவென்று சொல்வது? உங்கள் வீட்டுச் சுவரோரம், செத்த பல்லிக்குப் பக்கத்தில், ஒரு சுவிட்ச் இருந்திருக்கலாம் என்றா? சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தேன். குழுவிலும் போட வேண்டாம். தெரிந்தவர்களுக்குத் தனியாகச் சொல்லலாம்.

பொன்சிங்கிடம் இதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"தனியாவா? இன்பாக்ஸ்லயா?"

"அந்த அம்மாவால் தாங்க முடியாது."

"அவங்க ஒங்கிட்டக் கேட்டாங்களா, இல்லியா?"

"கேட்டார்."

"கேட்டவங்களுக்குத் தெரிய வேண்டாம்னு தீர்மானிக்க நீ யாரு? நீயும் அட்மின் ஆயிட்டியோ?"

கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன். பிறகு, டம்ளர் தட்டினால் கேட்காது என்று நினைவு வந்து திறந்து வைத்தேன்.

நவம்பர் 23, சனி

நிர்வாகிக்குப் போன் செய்தேன். எண் கேட்டதும் கொடுத்தார். அதைச் சொல்லத்தான் வேண்டும். இளைஞர் இல்லை. பின்னணியில் ஒரு பெட்டி மூச்சு விடும் சத்தம் கேட்டது.

அந்தப் பதிவைத் திறந்துவிடுங்கள், பச்சைப் பட்டையை எடுங்கள் என்றேன்.

"தீர்ந்த பதிவுங்க மேடம். அதத் திறந்தா எல்லாரும் பழைய பதிவத் திறக்கச் சொல்லுவாங்க."

"அது தீரவில்லை. அந்தக் கேள்வி யாருக்காகக் கேட்கப்பட்டதோ அவர் இறந்துவிட்டார். அதனால்தான் பேச்சு நின்றது. நீங்கள் அதற்குப் பச்சை வண்ணம் பூசினீர்கள்."

அவர் பக்கத்தில் அந்தப் பெட்டி மூச்சு விட்டுக்கொண்டே இருந்தது.

"எனக்கு எப்படி மேடம் தெரியும்?"

"கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்."

"நாலாயிரம் பேரு மேடம். நான் ஒருத்தன். அம்மாவையும் பார்த்துக்கிட்டு, வேலைக்கும் போய்க்கிட்டு. எல்லாருக்கும் போன் போட்டு இருக்கீங்களா செத்துட்டீங்களான்னு கேக்கவா?"

கேட்க முடியாது. தெரியும். அது தெரிந்தும் கோபம் குறையவில்லை. தெரியவில்லை என்று எழுதுவதற்கு உங்களிடம் ஒரு வண்ணம் இல்லையா என்று கேட்டேன். திறந்துவிடுகிறேன் என்றார். பிறகு தயங்கி, "என்ன பதில் மேடம்? எங்க வீட்டுலயும் இன்வெர்ட்டர்தான்" என்றார்.

சொன்னேன். சுவரிலிருந்து இழுத்துப் பார்க்கச் சொன்னேன்.

நவம்பர் 24, ஞாயிறு

பதிவில் போடுவதற்கு முன் தெய்வானைக்கு நானே போன் செய்தேன். தகவல் பேத்தியின் கைப்பேசியில் போய் விழக் கூடாது.

வளைக்காமல் சொன்னேன். எங்கள் வீட்டில் நடந்தது, சுவிட்ச், அது இருக்கும் இடம். உங்கள் வீட்டிலும் அதுதான் காரணம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றேன். அது உண்மை. உண்மையாக இருப்பதால் அதை இரண்டு முறை சொன்னேன்.

"அது எந்தப் பக்கம் இருக்கோணும்?"

சொன்னேன்.

"எங்கூட்டுதும் செவுத்தோட ஒட்டித்தான் கெடக்குதுங்க. அப்புறம் யாரும் தொடலீங்க. இருங்க."

போனை வைக்கவில்லை. எதையோ தரையில் இழுக்கும் சத்தம் கேட்டது. "ஆயா, நான் இழுக்கறேன்" என்று ஒரு பெண்பிள்ளையின் குரல். வெகுநேரம் காதில் வைத்துக்கொண்டே நின்றேன்.

"சரிங்க அம்மணி" என்றார். "நீங்க போட்டுருங்க." வைத்துவிட்டார்.

நவம்பர் 25, திங்கள்

போட்டேன். டிவியைப் பற்றியும் எழுதினேன், முதல் வரியிலேயே.

நவம்பர் 27, புதன்

"ஃபாலோயிங்." "நன்றி சகோதரி." கும்பிடும் கைகள். சேலத்துக்காரர் ஒருவர் தன் வீட்டுச் சுவிட்சைச் சாய்வாகப் போட்டோ எடுத்துப் போட்டிருந்தார். கதிர்வேந்தன் ஒரே வரி எழுதியிருந்தார்: "எங்கள் வீட்டில் மாற்றிவிட்டேன்."

இன்று மாலை அவற்றுக்குக் கீழே:

"இந்தக் கேள்வியக் கேட்டது நாந்தானுங்க. எங்க வீட்டுக்காரர் அப்பவே இறந்துட்டார். இந்தம்மா சொன்னதுக்கப்புறம் இன்வெர்ட்டர இழுத்துப் பார்த்தேன். எங்க வீட்டு சுவிட்சும் தப்பான பக்கந்தான் இருந்தது. மெசின் வச்சிருக்கறவங்க இன்னைக்கே பார்த்துக்கோங்க. வீட்டுல டிவி அணைஞ்சு எரிஞ்சா அதையும் சொல்லுங்க. தெய்வானை."

பொன்சிங்குக்குப் படித்துக் காட்டினேன். டிவியை அணைக்கச் சொன்னான். அபூர்வம்.

நவம்பர் 28, வியாழன்

காலையில் பார்த்தேன். பச்சைப் பட்டை திரும்பி வந்திருந்தது. தீர்ந்தது.

இந்த முறை அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வழி இல்லை. கேள்வி இருக்கிறது, பதில் இருக்கிறது, சரி என்று கேட்டவரே எழுதியிருக்கிறார். நிர்வாகிக்குக் கடுமையாக ஒரு செய்தி எழுத உட்கார்ந்தேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மூடிவைத்துவிட்டேன்.

மாலை மழை. விளக்கு சிமிட்டியது. ஓடிப்போய்ப் பார்த்தேன். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது, கபடியும் ஓடிக்கொண்டிருந்தது.

"மறைக்காத. தள்ளி நில்லு" என்றான்.

தள்ளி நின்றேன். ஆட்டம் முடியும்வரை அங்கேயே நின்றேன்.